ஒருவழி வேடம்: ‘மார்த்தாண்ட வர்மா’ மௌனப்படமும் நாஞ்சில் நாட்டின் பிரதிநிதித்துவக் கேள்வியும்

மன்னர் கதையைத் திரையில் சொல்லும்போது மன்னரைச் சுற்றி வாழ்ந்தவர்களில் யாருக்கு முகம் கிடைக்கிறது? சினிமா பேசத் தொடங்கும் முன்பே எழுந்த கேள்வி இது. 1915இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களாக நடித்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. அன்று முதல் இன்று வரை இந்தக் கேள்விக்குப் பல விடைகள் வந்திருக்கின்றன: வரலாற்றுக்கு உண்மையாக இருந்தால் போதும் என்றார்கள், காலத்தை வைத்தே படத்தை மதிப்பிட வேண்டும் என்றார்கள், எல்லாத் தரப்பும் திரையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள், திரையை விடுங்கள், எடுத்தவர் யார், நடித்தவர் யார் என்று கேளுங்கள் என்றார்கள்.

நாஞ்சில் நாட்டில் இந்த விடைகளை உரசிப் பார்க்க ஒரு படம் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து எழுந்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). தென்னிந்திய மௌனப்படங்களில் ஏறக்குறைய முழுமையாக எஞ்சியது இது ஒன்றே என்பதால், விவாதம் வெறும் செவிவழிச் செய்தியோடு நின்றுவிட வேண்டியதில்லை.

படமும் அது வந்த காலமும்

சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள நாவலே படத்தின் மூலம். வேணாட்டு (பின்னாளைய திருவிதாங்கூர்) அரசர் ராம வர்மா நோயில் கிடக்கிறார். மருமக்கள் வழிப்படி பட்டம் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்கு உரியது. அரசரின் மகன்களான தம்பிமார் அதைப் பறிக்க நாயர் பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாரோடு கூடுகிறார்கள். இளவரசர் பத்மநாபபுரத்தைச் சுற்றி ஒளிந்து திரிகிறார். அனந்தபத்மநாபன் என்ற பிரபுகுல இளைஞன் பைத்தியக்காரச் சான்றானாக (நாடார் குலத்தவனாக) வேடமிட்டு அவரைக் காக்கிறான். சூழ்ச்சியை உடைக்கும் சுபத்திரை கடைசியில் கொல்லப்படுகிறாள்.

ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கினார். ஜெய்தேவ், ஏ. வி. பி. மேனன், தேவகி, பத்மினி முதலியோர் நடித்தார்கள். இடையிடையே வரும் எழுத்தட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்ட கையோடு வழக்கு வந்தது. நாவலின் பதிப்புரிமை கமலாலயா புத்தக டிப்போவிடம் இருந்தது. சுந்தர்ராஜ் முறையான அனுமதி பெற்றிருக்கவில்லை. படச்சுருள் கைப்பற்றப்பட்டுப் பதிப்பகத்தின் கிடங்குக்குப் போனது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயர் அதை மீட்டார். படத்தின் ஆண்டைச் சில பட்டியல்கள் 1931 என்று குறித்தாலும் 1933 என்பதே பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

இந்தக் கால இடைவெளி முக்கியமானது. படம் எடுக்கப்பட்டபோது திருவிதாங்கூரில் சித்திரைத் திருநாள் ஆட்சியில் இருந்தார்; அரச பவனியைக் காட்டும் செய்திப்படத் துண்டுகளும் படத்தில் சேர்ந்திருக்கின்றன. மீட்கப்பட்டபோது அந்த அரசு இல்லை. 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூர், கொச்சியோடு இணைந்தது. 1956 நவம்பர் 1இல் நாஞ்சில் நாடு தமிழகத்துக்கு வந்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் கேரள அரசின் பராமரிப்பில் நிற்கிறது. ஆளும் அரசரின் முன்னோரைப் போற்ற எடுத்த படத்தை, அரசே இல்லாத ஊரில், வேறொரு மாநிலத்தின் குடிமக்களாக இருந்து நாம் பார்க்கிறோம். இந்தப் படத்தைப் பற்றி, யாருக்கு முகம் கிடைத்தது என்ற கேள்வி இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் உரக்க எழுந்தது.

மூலத்துக்கு உண்மையாக இருத்தல்

படத்துக்காகப் பேசுவோரின் முதல் வாதம் எளிமையானது. இயக்குநர் நாவலைப் பின்பற்றினார், நாவல் வரலாற்றைப் பின்பற்றியது. இதில் குறை காண என்ன இருக்கிறது?

நாவல் எந்தச் சூழலில் பிறந்தது என்று பார்த்தால் இந்த வாதம் தளர்கிறது. 1891 ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ‘மலையாளி மெமோரியல்’ அரசரிடம் கொடுக்கப்பட்டது. பரதேசிப் பிராமணர்கள் உயர் பதவிகளை நிறைத்திருப்பதை எதிர்த்து, மண்ணின் மக்களுக்கு வேலை கேட்ட மனு அது. அதற்காக உழைத்தவர்களில் சி. வி. ராமன் பிள்ளையும் ஒருவர். அதே ஆண்டில் வந்த நாவலில் தம்பிமாருக்குத் தூபம் போடும் சூழ்ச்சிக்காரர், சுந்தரய்யன் என்ற பாண்டிப் பிராமணர். விசுவாசமான நாயர் பிரபுக்கள் அரியணையைத் தாங்கி நிற்கிறார்கள். எழுத்தாளர் பதினெட்டாம் நூற்றாண்டை எழுதும்போதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரதிநிதித்துவச் சண்டையையும் எழுதிக்கொண்டிருந்தார் என்று கருத இடமிருக்கிறது. அந்த மனு ‘மலையாளி’ என்று பேசினாலும் பலன் யாருக்குப் போனது என்ற ஏமாற்றம், 1896இல் டாக்டர் பல்பு முன்னின்று 13,176 கையெழுத்துகளோடு கொடுத்த ஈழவர் மனுவில் வெளிப்பட்டது. ஆகவே ‘மூலம்’ என்பதே ஒரு தரப்பின் வாக்குமூலம். அதற்கு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்தத் தரப்புக்கே உண்மையாக இருந்ததாகும்.

நாஞ்சில் நாட்டுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கதையின் முதுகெலும்பு மருமகன் நல்லவன், மகன்கள் பேராசைக்காரர்கள் என்பது. ஆனால் 1917–18இல் கவிமணியின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ தொடராக வந்து, தகப்பன் சொத்தில் பங்கில்லாமல் தவித்த மனைவி மக்களின் துயரத்தை வீட்டுக்கு வீடு பேச வைத்தது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மாற்றியது. ஏழே ஆண்டு கழித்து, மகன் உரிமை கேட்பதையே துரோகமாகக் காட்டும் படம் நாகர்கோவிலிலிருந்து வருகிறது. அரியணையும் குடும்பச் சொத்தும் ஒன்றல்ல என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமே. ஆனாலும் தாய்வழி மரபை வேணாட்டின் இயல்பான நீதியாக இந்தக் கதை வைக்கும்போது, அந்த நீதியால் நொந்த வேணாட்டு வீடுகள் கதைக்கு வெளியே போய்விடுகின்றன.

‘அந்தக் காலம் அப்படி’

இரண்டாவது வாதத்தைத் திரைப்பட வரலாற்று ஆசிரியர்கள் பலர் பரிவோடு முன்வைக்கிறார்கள். தொண்ணூறு ஆண்டு முந்தைய படத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது. பெண்கள் திரையில் தோன்றுவதே இழுக்காக எண்ணப்பட்ட நாளில் இவ்வளவு செய்ததே பெரிது. பாதி உண்மை இதில் இருக்கிறது. 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ பேசத் தொடங்கிவிட்ட பிறகும், ஸ்டுடியோ வசதி இல்லாத ஊரைச் சேர்ந்த ஒருவர் மௌனப்படத்தில் பணத்தைப் போட்டார் என்பதற்கே மரியாதை செய்ய வேண்டும்.

மறுபாதி நிற்கவில்லை. அந்தக் காலம் ஒரே குரலில் பேசவில்லை. வைக்கம் போராட்டம் 1924–25இலேயே நடந்து முடிந்திருந்தது. படம் வந்த அதே நேரத்தில் திருவிதாங்கூரில் நிவர்த்தன இயக்கம் நடந்தது: சட்டசபையில் தங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடமில்லை என்று ஈழவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் மூவரும் சேர்ந்து தேர்தலைப் புறக்கணித்தார்கள். நம் இடம் எங்கே என்பது 1933இன் அன்றாட அரசியல் கேள்வி. இன்றைய அளவுகோலை அன்றைக்கு ஏற்றுகிறோம் என்ற குற்றச்சாட்டு, அன்றைய மக்கள் கையில் வைத்திருந்த அளவுகோலைப் பார்க்க மறுக்கிறது.

தலை எண்ணிப் பார்த்தால்

எண்ணிக்கை வழியில் போனால் கதைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். பதான் வணிகர்கள் வருகிறார்கள்; காயம்பட்டவனைக் காப்பாற்றும் ஹக்கீம் இருக்கிறார்; சுலைகா என்ற பெண் மரியாதையோடு படைக்கப்பட்டிருக்கிறாள். நாயர், பிராமணர், இஸ்லாமியர் எல்லோரும் உண்டு. பூதப்பாண்டியில் தங்கிய மதுரைப் படை பற்றிய பேச்சு நாவலில் வருவதால், பாண்டி நாட்டுப் படைகள் நுழையும் வாயிலான ஆரல்வாய்மொழிக் கணவாயும் கண்ணுக்குத் தெரியாமல் கதைக்குள் இருக்கிறது. சுபத்திரையைப் போல் சொந்த அறிவால் கதையை நகர்த்தும் பெண் அக்கால நாவல்களில் அரிது.

எண்ணிப் பார்ப்பதைக் குறைத்துப் பேசக் கூடாது. யார் முற்றிலும் விடுபட்டார்கள் என்று காட்ட வேறு எளிய வழி இல்லை. உதாரணத்துக்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டு நாட்டார் கூடி, அரசு அதிகாரிகள் அநியாய வரி கேட்டால் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தீர்மானங்களின் ஏடுகள் கிடைத்திருக்கின்றன. வேணாட்டு நெருக்கடியின் மிக முக்கியமான குடிமக்கள் குரல் அது. கதையில் அந்தக் கூட்டங்களுக்கு இடமில்லை. மக்கள் என்றால் ஒன்று விசுவாசிகள், இல்லையென்றால் கலகக்காரர்கள்.

ஆனால் எண்ணிக்கை ஓரிடத்தில் முற்றாகத் தோற்கிறது. அது அனந்தபத்மநாபனின் வேடம். கதையில் மிகத் துணிவான செயல்களைச் செய்யும் உருவம் ஒரு சான்றான். எண்ணுபவர் ‘சான்றார்: உண்டு’ என்று குறித்துக்கொள்வார். துணியை விலக்கினால் உள்ளே இருப்பவன் திருமுகத்துப் பிள்ளையின் மகன்.

உடை என்பது தென் திருவிதாங்கூரில் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம். தோள்சீலைக் கலவரம் 1822 முதல் கிளர்ந்து கிளர்ந்து அடங்கி, 1859 ஜூலை 26 அறிவிப்பில் ஓரளவு ஓய்ந்தது. அதிலும் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அறிவிப்புக்கு முப்பத்திரண்டு ஆண்டு கழித்து நாவலில் ஒரு பிரபு சான்றானின் உடையை எடுத்து அணிந்துகொள்கிறான். வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது கழற்றிப் போடுகிறான். வீரம் சான்றானின் உடம்பில் நடக்கிறது. பெருமை பிள்ளையின் வீட்டுக்குப் போகிறது. இதற்கு மறுவாசிப்பு ஒன்றும் வழக்கில் உண்டு: அனந்தபத்மநாபன் உண்மையில் நாடார் குலத்துப் படைத்தலைவர், நாவல்தான் அவரை மாற்றி எழுதிவிட்டது என்பது குமரி மாவட்ட நாடார் மரபு. அந்த மரபின் சான்றுகள் பற்றி வாதம் தொடர்கிறது. அதை அப்படியே ஏற்காதவர்கூட, அது எந்தக் காயத்திலிருந்து பேசுகிறது என்பதைப் புரிந்துகொள்ள முடியும்.

எடுத்தவரும் நடித்தவரும்

கேமராவுக்குப் பின்னால் பார்க்கச் சொல்வோர் வேறொரு வரலாற்றைத் தொடங்கிவைக்கிறார்கள். சுந்தர்ராஜ், ஜே. சி. டேனியலின் உறவினர். டேனியலின் குடும்பம் அகஸ்தீஸ்வரத்தோடு பிணைந்த நாடார் கிறிஸ்தவக் குடும்பம். ‘டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ தொடங்கி அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் திரைப்படமாக எண்ணப்படுகிறது. அது திரைக்கு வந்தது 1928 என்றும் 1930 என்றும் இரு கருத்துகள் உள்ளன. அதுவும் கேப்பிட்டல் தியேட்டரில்தான். தோள்சீலைக்காகப் போராடிய சமூகத்திலிருந்து வந்த இரு உறவினர்கள் ஒரு மாநிலத்தின் சினிமாவைத் தொடங்கிவைத்தார்கள் என்பது சாதாரணச் செய்தியல்ல.

‘விகதகுமாரன்’ கதாநாயகி பி. கே. ரோசி. தலித் பெண், திரையில் நாயர் பெண் சரோஜினியாக வந்தார். அவர் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பார்வையாளரில் ஒரு கூட்டம் பொறுக்கவில்லை. திரையை நோக்கிக் கல் பறந்தது. அவருடைய குடிசை எரிக்கப்பட்டது. லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பி, ராஜம்மாள் என்ற பெயரோடு தமிழ்நாட்டுப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். அவர் நடித்த சுருளில் ஒரு அங்குலம்கூட இன்று இல்லை. டேனியலும் கடனில் மூழ்கி 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் விருது நிறுவியது 1992இல். ரோசியின் கதை வினு ஆபிரகாமின் நாவலாலும் 2013இல் வந்த ‘செல்லுலாய்ட்’ படத்தாலும்தான் பரவலாகத் தெரிய வந்தது.

சில ஆண்டு இடைவெளியில் ஒரே குடும்ப வட்டத்திலிருந்து வந்த இந்த இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் குறைவு. வைத்துப் பார்த்தால் பிரதிநிதித்துவ விவாதத்தின் மையம் இடம் மாறுகிறது. பிரபு சான்றானாக வேடமிடலாம்; கதை அவனைக் கொண்டாடும். தலித் பெண் நாயர் பெண்ணாக வேடமிட்டால் ஊரைவிட்டே ஓட வேண்டும். வேடம் மேலிருந்து கீழே இறங்கும்போது கலை, கீழிருந்து மேலே ஏறும்போது குற்றம். திரையில் எத்தனை சமூகங்கள் தோன்றின என்பதைவிட, யார் யாராகத் தோன்ற அனுமதி இருந்தது என்று கேட்பதே இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் கேள்வி என்பது இக்கட்டுரையின் முடிவு.

எடுத்தவர் யார் என்ற வாதத்தின் பலவீனமும் இங்கேயே தெரிகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் தயாரித்தார் என்பதால் படத்தின் பார்வை தானாக மாறிவிடவில்லை. சுந்தர்ராஜ் எடுத்தாண்டது சி. வி.யின் கதையைத்தான். ரோசிக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, அரச விசுவாசம் ததும்பும், வேடத்தின் உள்ளே பிரபுவே இருக்கும் கதையைத் தேர்ந்ததில் தற்காப்பும் இருந்திருக்கலாம். இது ஊகம்தான், ஆனால் காலவரிசை இதற்கு இடம் தருகிறது.

வில்லும் மலையும்

திரைக்கு வெளியே இதே கதை வேறு விதமாக வாழ்கிறது. தென் திருவிதாங்கூர் வில்லுப்பாட்டு மரபில் தம்பிமார் கதை பாடப்படுகிறது. அதில் வலிய தம்பியும் குஞ்சு தம்பியும் சூழ்ச்சியால் கொல்லப்பட்ட வீரர்கள். பகையின் வித்து அரசுரிமை மட்டுமல்ல. தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்ட வர்மா பெண் கேட்டதும் அதற்கு அவர்கள் விதித்த நிபந்தனையும் பேசப்படுகின்றன. அ. கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களின் உழைப்பால் இவ்வகைக் கதைப்பாடல்கள் அச்சில் கிடைக்கின்றன. தோற்றவர்களின் பக்கம் நின்று பேசும் இவை, அரண்மனை வரலாற்றுக்குச் சரியான எதிர்ச்சாட்சி. ஆனால் இவற்றையே ‘மக்கள் வரலாறு’ என்று முழுதாக நம்பிவிடுவதிலும் ஆபத்து உண்டு. தம்பிமாரும் அரண்மனைக்காரர்களே. அவர்களுடைய வயலில் உழுதவர்களுக்குப் பாட்டிலும் பெரிதாக இடமில்லை.

ஆரல்வாய்மொழியில் மார்த்தாண்ட வர்மாவின் காலம் நினைவுகூரப்படுவது அரியணைச் சண்டையால் அல்ல. காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று சுடப்பட்டு இறந்த தேவசகாயத்தால்தான். நீலகண்ட பிள்ளை என்ற பெயரில் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போருக்குப் பின் அரசரின் படைத்தலைவரான டிலனாய் வழியாகக் கிறிஸ்தவம் அறிந்து, 1745இல் கணவாய்க்கு அப்பால் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். தண்டனையின் பகுதியாக எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பது மரபு. தட்டினால் வெண்கலமாக ஒலிக்கும் மணியடிச்சான் பாறை முதலாக மலையடிவாரத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. 2022 மே 15இல் வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அவர் சமயத்துக்காகக் கொல்லப்பட்டாரா, அரசு நிர்வாகக் குற்றச்சாட்டின் பேரிலா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிரதிநிதித்துவக் கேள்விக்கு இங்கே வேறொன்று பயன்படுகிறது. எருமையும் எருக்கமாலையும் அரசு வலிந்து போட்ட வேடம். அனந்தபத்மநாபன் தானாகப் போட்டுத் தானாகக் கழற்றுகிறான். தேவசகாயத்துக்கோ அது கழற்ற முடியாதபடி போடப்பட்டது. மேலிருந்து கீழே இறங்குவதும் எப்போதும் கலையாக இருந்ததில்லை, இறங்குபவர் திரும்பி ஏற மறுத்தால் அது மரணம் வரை போனது. இன்னொன்று: புனிதர் பட்டத்தையொட்டி அவர் பெயரில் ‘பிள்ளை’ என்ற சாதிப் பின்னொட்டு வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது, திருச்சபை அதை நீக்கியது. தாழ்த்தப்பட்டோரோடு சமமாகப் பழகியவருக்கு அது கூடாது என்றார்கள் ஒரு தரப்பினர். அவர் எதை விட்டு வந்தார் என்பது அந்தப் பெயரில்தான் தெரிகிறது என்றார்கள் மறுதரப்பினர். யாரை எந்தப் பெயரால் நினைவில் நிறுத்துவது என்ற சிக்கல் சினிமாவோடு முடிவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

திறந்தே இருப்பவை

விடைகளை ஒருசேரப் பார்க்கும்போது சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மூலத்துக்கு உண்மை என்ற வாதம், மூலமே ஒரு தரப்பு என்பதால் பலம் இழக்கிறது. காலத்தைக் காரணம் காட்டும் வாதத்துக்கு அந்தக் காலத்துப் போராட்டங்களே பதில். எண்ணிக்கை தேவையான தொடக்கம். தயாரிப்பாளரின் சமூகம் தேவையான செய்தி, ஆனால் தீர்ப்பல்ல. யார் யாராக வேடமிட முடிந்தது என்ற கேள்வி இவை எல்லாவற்றையும் விட அதிகம் விளக்குகிறது. ஆனால் அது வலுவாக நிற்பது ரோசியின் கதையோடு சேர்ந்து நிற்கும்போதுதான், அந்தக் கதையோ பெரும்பாலும் பிற்கால நினைவுகூரல்களிலிருந்து திரட்டப்பட்டது.

தீராதவையும் பல. ‘மார்த்தாண்ட வர்மா’ மிகக் குறைந்த காட்சிகளே ஓடியதால், நாடார் பார்வையாளர் அந்தச் சான்றான் வேடத்தைத் தங்கள் பெருமையாகக் கண்டார்களா அவமதிப்பாகக் கண்டார்களா என்பது விவாதத்துக்கு உரியதாகவே நிற்கிறது; இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மட்டும் எழுத்தட்டை வைத்த படத்தை, தமிழ் பேசும் நாகர்கோவிலும் தோவாளையும் எப்படி வாசித்திருக்கும் என்ற கேள்விக்குள் இன்னும் யாரும் ஆழமாக இறங்கியதாகத் தெரியவில்லை. கேரளச் சினிமா வரலாறு இந்தப் படத்தைத் தன் முதல் அத்தியாயத்தில் வைக்கிறது. எடுத்தவரின் மண் இருக்கும் தமிழகத்தின் சினிமா வரலாறு அதை அடிக்குறிப்பில்கூட அரிதாகவே வைக்கிறது. சுருளைத் தம்பிமார் கதைப்பாடலோடும் நாட்டார் கூட்டத் தீர்மானங்களோடும் காட்சிக்குக் காட்சி ஒப்பிடும் வேலை குமரி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளுக்குக் காத்திருக்கிறது. அதற்கு வேண்டிய மூலங்களில் பாதி அச்சில் கிடைக்கின்றன. மீதிப் பாதி வில்லுப்பாட்டுக் கலைஞர்களின் நினைவில் இருக்கின்றன, அவர்களில் பலர் முதியவர்கள்.